உப்புக் கரிக்காத தண்ணீர்

சேர்மன் குமரேசன் பரிசோதனைக் கூடத்துக்குள் செருப்புக் காலோடு நுழைந்ததைக்கூட அம்பிகா பொறுத்துக்கொண்டாள். கையிலிருந்த ஜிலேபிப் பெட்டியைக் கண்ணாடிக் குழாய்கள் இருந்த மேசைமேல் வைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாக்கடைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வந்து இறங்கி, கிருமி வளர்க்கிற மேசை அது. அங்கே ஜிலேபி வைக்கிற ஆளிடம் என்னவென்று சொல்வது? பெட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, வெளியே நாற்காலி இருக்கிறது, உட்காருங்கள், வருகிறேன் என்றாள்.

உட்காரவா வந்தார் அவர். ஒன்றியச் சேர்மன் ஆயிற்றே. பனைமேட்டுப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியை வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து திறக்கப் போகிறார். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. கூட்டேரிப்பட்டு ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் கொடி நட்டாகிவிட்டது. வெள்ளோட்டம் என்று சொல்லி ஒரு மாதமாகவே அந்தத் தொட்டித் தண்ணீர் தெருக் குழாய்களில் வந்துகொண்டும் இருந்தது. இந்த நேரம் பார்த்தா ஊரில் இருபத்து மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை வர வேண்டும்? வந்ததுதான் வந்தது, விழுப்புரத்தில் இருக்கிற ஒரு பொம்பளை அந்தத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, இதில் சாக்கடை கலந்திருக்கிறது, குடிக்கத் தகுதியற்றது என்றா எழுத வேண்டும்?

அவர் நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தார். காமாலை என்பது சூட்டினால் வருவது, கத்திரி வெயில் அப்படிக் கொளுத்துகிறது, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தால் மூன்றாம் நாள் போய்விடும். தண்ணீர்மேல் பழி போடுவது எதிர்க்கட்சிக்காரன் வேலை. பாட்டிலில் பிடித்தவர்கள் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. மறுபடி பிடித்துச் சோதித்து, நல்லபடியாக ஒரு ரிசல்ட் கொடுத்துவிட்டால் யாருக்கும் பேஜாரு இல்லை.

"நல்லபடியான ரிசல்ட்டுன்னு தனியா ஒண்ணு இல்லிங்க," என்றாள் அம்பிகா. "பாட்டில் வந்தா பாக்கறேன். அதுல இன்னா இருக்குதோ அது வரும்."

சேர்மன் சிரித்தார். திண்டிவனத்துப் பெண்ணாக இருந்துகொண்டு நம்ம பக்கத்துக்கு ஒரு நல்லது நடக்கும்போது குறுக்கே நிற்கலாமா என்று உரிமையோடு கடிந்துகொண்டார். அதோடு சரி, மாடியேறி அதிகாரி சீனுவாசனின் அறைக்குப் போய்விட்டார். ஜிலேபியும் கூடவே போயிற்று.

அம்பிகா திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரம் வருகிறவள். பதினான்கு வருடமாகத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் சோதித்ததில்லை. தன் வேலையில் தான் கெட்டிக்காரி என்பது அவளுக்குத் தெரியும். அதை அடக்கமாக மறைத்துக்கொள்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. சேர்மன் வந்து போனதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளை உறுத்தியது வேறொன்று. பனைமேட்டுப்பாக்கத்தின் கிராமச் செவிலியர் கலைப்பிரியா காலையில் போன் செய்து, ஊரில் ஐந்து கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், ஐந்து பேரும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். சாக்கடைத் தண்ணீரில் வருகிற காமாலை மற்றவர்களை நாலு வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடும். மாசம் ஏறிய கர்ப்பிணிக்கு வந்தால் அப்படிப் போகாது. தாயையும் கொண்டுபோகும், பிள்ளையையும் கொண்டுபோகும். அம்பிகாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அந்தக் குழாயை மூட வேண்டும். மூடச் சொல்லிக் கலெக்டருக்குப் போக வேண்டிய அறிக்கை சீனுவாசனின் கையெழுத்துக்காக நேற்றிலிருந்து மேசைமேல் கிடந்தது.

சீனுவாசன் கெட்டவர் இல்லை. படித்தவர், விஷயம் தெரிந்தவர், லஞ்சம் என்று பத்துப் பைசா தொட்டதில்லை. என்ன, போன் என்றால் பயம். மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்று காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்று மாடியில் இருந்தவர்கள் சொன்னார்கள். கடைசியில், சேர்மன் கேட்டபடி மறுபடியும் தண்ணீர் பிடித்து வரும்படி சுகாதார ஆய்வாளர் ராஜ்குமாருக்கு உத்தரவு போயிற்று. முதல் அறிக்கை அதுவரை அப்படியே இருக்கட்டும் என்று ஒரு கோப்புக்கு அடியில் போயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்கு ராஜ்குமார் ஐஸ் பெட்டியோடு வந்தான். ஆறு பாட்டில்கள், ஆறும் பளிச்சென்று இருந்தன. எந்தப் பாட்டில் வந்தாலும் கிருமிச் சோதனைக்கு முன்னால் உப்பு எவ்வளவு என்று மீட்டரை நனைத்துப் பார்ப்பது அந்தக் கூடத்து வழக்கம். வீடு வீடாக வடிகட்டி விற்க வருகிறவன் நம் தண்ணீரில் விட்டுப் பயமுறுத்துவானே, அதே டி.டி.எஸ். மீட்டர்தான், கொஞ்சம் பெரியது. அம்பிகா முதல் பாட்டிலில் விட்டாள். நாற்பத்தாறு என்று காட்டியது. மீட்டர்தான் கெட்டுப் போயிற்றோ என்று கழுவித் துடைத்து மறுபடி விட்டாள். அதே நாற்பத்தாறு. அடுத்த பாட்டிலில் நாற்பத்து நாலு.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தே விட்டாள்.

பனைமேட்டுப்பாக்கத்துத் தண்ணீரின் லட்சணம் அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, புதுக் குடத்தில் ஒரு மாதத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். போன வாரம் ஆயிரத்து நூற்று நாற்பது காட்டிய தண்ணீர் அது. அதில் நாற்பத்தாறு வருகிறது என்றால் பாட்டிலில் இருந்தது கேன் தண்ணீர். கடையில் வாங்கி, குழாய் வைத்த கேனில் கவிழ்த்து, வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற தண்ணீர். சேர்மன் அதே ஊரில் வேறு ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருந்தால் உப்பு ஒத்துப்போயிருக்கும், அம்பிகாவே ஏமாந்திருப்பாள். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், உசத்தியானதாகவே கொடுப்போம் என்ற அவருடைய பெரிய மனசு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ராஜ்குமாரை உட்கார வைத்து, மத்தியானம் எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டாள். அவன் தலை குனிந்துகொண்டான். குழாயில் பிடித்துப் பெட்டியில் வைத்ததெல்லாம் அவன் கையால்தான். அப்புறம் சேர்மன் வீட்டுக்குக் கூப்பிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் இலை போட்டிருக்கிறார்கள். வஞ்சிர மீன் குழம்பு. பெட்டி ஒரு மணி நேரம் வெளியே வண்டியில் இருந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான் மேடம் என்று சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்ட வேண்டும் என்று வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

அம்பிகா மாடியேறிச் சீனுவாசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் இந்தக் கதையிலேயே ஆபத்தான இடம். சேர்மனாவது பொய் எழுதச் சொன்னார். இவர் உண்மையை எழுதச் சொன்னார்.

"நீ பொய் எழுத வேணாம்மா. நான் சொல்லவும் மாட்டேன். வந்த பாட்டில்ல இன்னா இருந்துச்சோ அத எழுது. கிருமி இல்லன்னா இல்லன்னு எழுது. பாட்டில் எங்கேர்ந்து வந்துச்சுன்றது நம்ம வேலை இல்ல."

அம்பிகாவுக்குச் சுருக்கென்றது. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு. ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டாம், கை கூசாது, மனசாட்சி உறுத்தாது. அங்கே ஊரில் ஐந்து பேர் வயிற்றில் பிள்ளையோடு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடம் மதித்த மனிதர் வாயிலிருந்து இது வந்ததே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அவருக்காக வெட்கமாகவும் இருந்தது.

"சரி சார், இருந்தத எழுதறேன்," என்றாள். "முழுசா எழுதறேன்."

கீழே வந்து எழுதினாள். உப்பு நாற்பத்தாறு. போன வாரம் இதே குழாயில் ஆயிரத்து நூற்று நாற்பது. குறிப்பு என்று இருக்கிற கட்டத்தில், இந்தப் பாட்டில்களில் வந்தது அந்த ஊர்த் தொட்டியில் உள்ள தண்ணீர் அல்ல, ஆகவே இதை வைத்து எந்த முடிவும் சொல்ல இயலாது என்று நிறுத்தி நிதானமாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு மேலே கொண்டுபோய் வைத்தாள். நாளைக் காலையில் நானே போய்த் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்றும் சொன்னாள். சீனுவாசன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததை உத்தரவாக எடுத்துக்கொண்டு அம்பிகா பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குப் பனைமேட்டுப்பாக்கத்துத் தெருக் குழாயைச் சுற்றி முப்பது குடங்கள் வரிசையில் இருந்தன. ராஜ்குமார் ஐஸ் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினான். அம்பிகா குடங்களை விலக்கிக்கொண்டு போய், குழாயின் வாயை நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கிடுக்கியில் பிடித்துப் பற்ற வைத்து, குழாய் வாயைச் சுற்றிலும் காட்டினாள். குழாயில் ஒட்டியிருக்கிற கிருமி பாட்டிலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்வது. வரிசையில் இருந்த பெண்கள் குடத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"குழாய்க்கு எதுக்குங்க நெருப்பு வெக்கறீங்க?" என்று பாஞ்சாலி என்ற பெண் கேட்டாள். அவள் கணவன் பத்து நாளாகக் காமாலையில் படுத்திருக்கிறான். அம்பிகா விளக்கமாகச் சொன்னாள். நேற்று பிடித்ததை யாரோ கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், அதனால்தான் திரும்ப வந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். யார் ஊற்றியது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை, பெண்கள் எல்லோரும் திரும்பித் தெருக்கோடியில் இருந்த மாடி வீட்டைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டிலிருந்து குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். யாரைக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள், நாளை மறுநாள் அமைச்சர் வருகிறார் தெரியுமா, கன்னியாகுமரிக்கு மாற்றிவிடட்டுமா என்று வரிசையாகக் கேட்டார். அம்பிகா பதில் சொல்லாமல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு பாட்டிலாக விளிம்பில் விரல் படாமல் பிடித்து, மூடி, அதன்மேல் காகிதம் சுற்றி நூல் கட்டி அரக்கு வைத்தாள். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்ங்க. போன தடவ சரியாப் புடிக்கலன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப உங்க கண்ணு முன்னாலதான் புடிச்சிருக்கேன். நீங்களே போடுங்க."

சேர்மன் பேனாவைப் பார்த்தார், சுற்றி நின்ற முப்பது பெண்களைப் பார்த்தார். போட மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். போட்டால்தான் என்ன, பாட்டில் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் போன் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார் போலும். ஒன்றியச் சேர்மன் என்று பதவியோடு சேர்த்து, ஒவ்வொரு பாட்டிலின் மேலும் பெரிதாகவே போட்டார்.

வியாழக்கிழமை காலை அம்பிகா கிருமி வளர வைக்கிற இளஞ்சூட்டுப் பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரோடு கலந்து வைத்தபோது சோதனை மருந்து நல்ல ஊதா நிறம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஊதாவாகவே இருக்கும். பதினைந்து குழாயில் பதினாலு மஞ்சளாக மாறி, உள்ளே காற்றுக் குமிழ் கட்டியிருந்தது. உப்பு ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு. சந்தேகமே இல்லை, அதே தண்ணீர், அதே சாக்கடை. முழு உறுதிக்கு இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்பது முறை என்றாலும், குழாயை மூடுவதற்கு இது போதும், காத்திருந்தால் தவறு என்று விதியிலேயே இருக்கிறது. அந்த விதியின் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, குழாய்களைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

அவற்றைச் சீனுவாசனின் மேசைமேல் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஐந்து பேர் சார், என்று மட்டும் சொன்னாள் அம்பிகா. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வழக்கம்போல எழுந்தவர், மேசையைப் பார்த்தார், மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். அந்தப் பக்கம் சேர்மன் சத்தமாகப் பேசுவது அம்பிகாவுக்கே கேட்டது. பாட்டில் அதுவாக இருக்காது, வழியில் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஆவ வழியில்லிங்களே," என்றார் சீனுவாசன். "அரக்கு ஒடையல. மேல உங்க கையெழுத்துதான் இருக்குது." வைத்துவிட்டார். பேனாவை எடுத்து, மூன்று நாளாகக் கிடந்த முதல் அறிக்கையிலும் இதிலும் கையெழுத்துப் போட்டு, தேதியோடு நேரத்தையும் எழுதினார். காலை பத்து பத்து. நேற்று முன்தினமே போட்டிருக்க வேண்டும்மா, நான் பயந்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது அம்பிகாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மீதி இருந்தது. இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் ஜல்தியாக நடந்தது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆள் போய்ப் பன்னிரண்டு மணிக்குத் தொட்டியின் வால்வை மூடினார்கள். ஒரு மணிக்கு லாரியில் குடிதண்ணீர் வந்தது. சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்த குழாய் இணைப்பைத் தோண்டி எடுத்துப் படம் பிடித்தார்கள். கலைப்பிரியா ஐந்து கர்ப்பிணிகளையும் வேனில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வைத்தாள். அமைச்சரின் விழா தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. அம்பிகா சோற்று மூட்டையைப் பிரித்தபோது மணி மூன்று. அவளுக்கு அப்படி ஒரு பசி, நிறைவான பசி.

நாலு மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. சேர்மன். மாற்றல் உத்தரவு தயாராகிவிட்டது போலிருக்கிறது, கன்னியாகுமரியிலும் தண்ணீர் இருக்கத்தானே இருக்கும் என்ற தெம்போடு எடுத்தாள்.

அவர் மிரட்டவில்லை. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அடித் தொண்டையில் பேசினார்.

"மேடம், அந்த ரிப்போர்ட்டு எம்மேல இருக்கற கோவத்துல எழுதினதா?"

"இல்லிங்க."

"கோவத்துல எழுதியிருந்தா சொல்லிடுங்க. யாராண்டயும் சொல்ல மாட்டேன், உங்களுக்கு ஒண்ணும் வராது. கொஞ்சம் ஏத்தி எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

ஏன் கேட்கிறீர்கள் என்றாள் அம்பிகா. அவர் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி சொன்னார். மகள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுவதால் செவிலியர் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை. வீட்டில் கேன் தண்ணீர் இருக்கத்தான் இருக்கிறது. அது சப்பென்று இருக்கிறது, பிறந்ததிலிருந்து குடித்த உப்புத் தண்ணீர் குடித்தால்தான் தாகம் அடங்குகிறது என்று, வந்த மூன்று வாரமும் அவள் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து வாந்தி. வீட்டுக்காரி கீழாநெல்லியை அரைத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்குக் கை கால் ஓடவில்லை.

அம்பிகாவுக்கு அந்த ஆளின்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொன்னால் அந்த மனுஷன் இப்போது மூச்சு விடுவார். அதைச் சொல்ல அவளிடம் வழியே இல்லை.

"கோவத்துல எழுதலிங்க. தண்ணியில இருந்ததத்தான் எழுதினேன். கீழாநெல்லியெல்லாம் விடுங்க, இப்பவே வண்டியில ஏத்திக்கினு பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. நான் டாக்டருக்குச் சொல்லி வெக்கறேன். கண்ணு மஞ்சளா இருக்குதா?"

"தெரியலிங்க. பாக்கறதுக்கு பயமா இருக்குது, நான் பாக்கல."

"பாக்க வேணாம். அழைச்சிக்கினு வாங்க. ரத்தத்துல பாத்துடலாம், நாளைக்குள்ள தெரிஞ்சிடும். சீக்கிரம் வந்தா காப்பாத்திடலாம்ங்க, தைரியமா வாங்க."

மறுமுனையில் அவர் யாரையோ கார் எடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல அவர் கேட்டார்.

"அங்க சொல்ற ரிசல்ட்டு நெஜமா இருக்குமில்ல மேடம்?"

"நெஜமாத்தான் இருக்கும்," என்றாள் அம்பிகா. "யாரு போன் பண்ணாலும் மாறாதுங்க."